பிழிஞ்ச துணி

நாத்தனார் சலவை ஆலையில் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மேசைமேல் போட்டாள். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை. புத்தம் புதுசு. கடை வாசனைகூடப் போகவில்லை.

“யாரு குடுத்தது?” என்றார் அவளுடைய அண்ணன் பூட்டுக்காரர்.

“பிழிஞ்ச துணி.”

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். அடுப்படியில் இடது கையால் உருளைக்கிழங்குத் தோலை உரிக்கப் போராடிக்கொண்டிருந்த அவர் மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

“விளையாடாத.”

“சத்தியமாண்ணே. ஆளுக்கு ஒரு ஜோடி. அவரே எடுத்துக் குடுத்தாரு. சைஸ் சரியா இருக்கான்னு வேற கேட்டாரு.”

“சம்பளத்துல பிடிப்பாரா?”

“இல்லையாம். நாங்களும் மொதல்ல அதத்தான் கேட்டோம்.”

பூட்டுக்காரர் கையுறையை எடுத்து உள்வெளியாகப் புரட்டினார். ஒவ்வொரு விரலாக இழுத்துப் பார்த்தார். வாயருகே வைத்து ஊதி, காற்றுப் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்.

“ஓட்டை இல்ல” என்றார் ஏமாற்றத்தோடு.

பிழிஞ்ச துணி என்பது சலவை ஆலை முதலாளிக்கு அங்கே வேலை செய்த பதினான்கு பேரும் சேர்ந்து வைத்த பெயர். எவ்வளவு முறுக்கினாலும் ஒரு சொட்டு வராது என்று அர்த்தம். ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள், இரண்டு விடுதிகளின் போர்வைகள் எல்லாம் அவருடைய ஆலையில்தான் துவைத்தார்கள். நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கும் உருளைகள், நடுவில் துணி பிழியும் மெஷின், கடைசியில் நீராவியில் ஓடும் பெரிய இஸ்திரி மெஷின். கூரையில் எட்டு விளக்குகள் உண்டு, மூன்றுதான் எரியும். வெயில் வந்தால் அதிலும் ஒன்றை அணைக்க முதலாளி மேகத்தைப் பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பார். டீத்தூளை இரண்டாம் முறையும் கொதிக்க வைப்பார்கள். சோப்புத் தூளை அவர்தான் அளந்து போடுவார். அளவுக் கோப்பையின் தலையைச் பழைய சீட்டு ஒன்றால் வழித்துச் சமமாக்குவார். நோயாளித் துணியை மூன்று தண்ணீரில் அலச வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் ஒப்பந்தம். இரண்டு தண்ணீரில் அழுக்குப் போய்விடுகிறதே, மூன்றாவது வெறும் ஜம்பம் என்பது அவர் கட்சி.

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருந்தது. பூட்டுக்காரர் மனைவியின் கை வெந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளை ஆலையில் இஸ்திரி அக்கா என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக அந்த மெஷினில்தான் நின்றாள். விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து ஒரு உதறு உதறி உருளைக்குக் கொடுத்தால் சுருக்கமே இல்லாமல் அந்தப் பக்கம் போய் விழும். மெஷினுக்கு நீராவி கொண்டுவரும் குழாயில் ஒரு வால்வு எட்டு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. அவள் சொன்னாள். மறுபடி சொன்னாள். முதலாளி ஈரச் சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டச் சொன்னார். சாக்குக் காய்ந்தால் தண்ணீர் தெளித்துக்கொள்ளும்படி சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்பி அறுந்தது. சீறி வந்த ஆவி அவளுடைய வலது கையை மணிக்கட்டு வரை அவித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், மயக்க ஊசியின் கிறக்கத்தில் இருந்தவளிடம் முதலாளி ஒரு தாளை நீட்டினார். “கட்டுப் போடுற செலவுக்கும்மா, சும்மா ஒரு ரேகை.” இடது பெருவிரலை அவரே பிடித்து மையில் ஒற்றினார். விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது, தொழிலாளர் அலுவலகத்தில் அவளுடைய மனுவைத் தள்ளுபடி செய்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. விபத்து நடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. புண் ஆறிவிட்டது. மூன்று விரல்கள் மடங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகூட ஒருநாள் ஆறுதல் சொல்லும் சாக்கில், “நீ கொஞ்சம் பாத்து வேலை செஞ்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்ட முதலாளிதான் இப்போது கையுறை வாங்கித் தந்திருக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் எட்டு விளக்கும் எரிந்தன. “யாருக்கும் வேலை ஓடல அண்ணி” என்று வந்து சொன்னாள் நாத்தனார். “அந்த வெளிச்சத்துல எல்லார் மூஞ்சியும் பத்து வயசு கூடித் தெரியுது.” அதற்கடுத்த நாள் டீயில் பால் இருந்தது. வாரக் கடைசியில் மத்தியானம் ஆளுக்கு இரண்டு ரொட்டியும் ஒரு அவித்த முட்டையும் வந்தன. முட்டையை உடைக்கத் தயங்கி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் கொதிகலன்காரர்தான் துணிந்து தின்றார். அரை மணி நேரம் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு மற்றவர்கள் தின்றார்கள்.

“ஆலைய விக்கப் போறாருன்னு கொதிகலன்காரர் சொல்றாரு. வாங்குறவன் பாக்க வரும்போது நாங்கல்லாம் கொழுகொழுன்னு இருக்கணுமாம்.”

“மாடா வாங்குறாங்க?” என்றாள் இஸ்திரி அக்கா.

“துணி மடிக்கிற அக்கா சொல்லுது, அவருக்குப் பெரிய வியாதியாம், நாள் குறிச்சாச்சாம்.”

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். “ரெண்டும் இல்ல. ஒரு பூட்டு கம்பிய விட்டதும் சட்டுனு திறந்துச்சுன்னா நான் சந்தோஷப்பட மாட்டேன். எனக்கு முன்னாடியே எவனோ உள்ள கைவெச்சிருக்கான்னு அர்த்தம். யாரோ மேல இருந்து விசாரிக்க வர்றாங்க. பதினாலு பேரும் முதலாளி தங்கமானவருன்னு சொல்லணும். அதுக்குத்தான் முட்டை.”

“அப்ப இன்னும் ரெண்டு வாரம் விசாரிக்க வராம இருந்தா நல்லது” என்றாள் நாத்தனார். அவளுக்கு முட்டை பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளியின் மனைவியே வந்து நின்றாள். குடையை மடக்கியபடி வாசலில் தயங்கினாள். வெளுத்த புடவை, முழங்கையில் ஒட்டுப் போட்ட ரவிக்கை. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அவரு இங்க வந்தாரா?”

“இங்க எதுக்கு வரப்போறாரு?” என்றாள் இஸ்திரி அக்கா.

“தெரியலம்மா. எங்க போறாரு, என்ன பண்றாருன்னு ஒண்ணும் புரியல. நேத்து எனக்கு ரெண்டு புடவை வாங்கிட்டு வந்தாரு. முப்பது வருஷத்துல மொத தடவ. எனக்குப் பயமாப் போச்சு. வீட்டுல வேற ராத்திரி சாப்பிடும்போது விளக்க அணைக்க மாட்டேங்குறாரு. நான் போய் அணைச்சா, ‘எரியட்டும்’ங்குறாரு.”

“சந்தோஷமா இருங்களேன்.”

“எப்படி இருக்கிறது? நாளைக்கே பழையபடி ஆயிட்டா? பழகிட்டு விடுறது எவ்வளவு கஷ்டம்? அதான் அந்தப் புடவைய நான் இன்னும் பிரிக்கவே இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “போன மாசம் வயித்து வலின்னு ஆஸ்பத்திரியில மூணு நாள் படுத்திருந்தாரு. இலவச வார்டுலதான், வேற எங்க? அங்கேருந்து வந்ததுலேருந்துதான் இப்படி. தூக்கத்துல முதுகச் சொறியுறாரு. உன் பேரச் சொல்லி என்னமோ முனகுறாரு. அதான் கேக்க வந்தேன்.”

அவள் போன பிறகு பூட்டுக்காரர் வாசல்வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மழை தகரக் கூரையில் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரே வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. பூட்டுக்காரர் எழுந்து கதவை முழுசாகத் திறந்து வைத்தார். மரியாதைக்காக இல்லை; தெருவில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று.

“கை எப்படிம்மா இருக்கு?” என்றார் முதலாளி.

அவள் கையை மேசைமேல் வைத்தாள். அவர் பார்த்தார். பார்வையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் திணறினார்.

“நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்” என்று ஆரம்பித்தார். “நான் துவைச்ச துணியிலதான் மூணு நாள் படுத்திருந்தேன். நம்ம முத்திரை ஓரத்துல இருந்துச்சு. ரெண்டாம் நாளே முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பா எழும்பிடுச்சு. பிளீச்சிங் பவுடர் போகல. அலசாத துணி. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர். எந்திரிக்க முடியாது அவரால. முதுகுல படுக்கைப் புண்ணு. அவரைப் புரட்டிப் போடும்போதெல்லாம் விரிப்பு புண்ணோட ஒட்டிக்கிட்டு வரும். கத்துவாரு. அந்த வார்டுல வேலை பாக்குற அம்மா எங்கிட்டயே சொல்லுச்சு, ‘இதத் துவைக்கிறவன ஒரு நாள் இதுல படுக்கப் போடணும் சார்’னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் விழித்தார். “என்ன சொல்றது?”

“நான்தான் அதுன்னு சொன்னீங்களா?”

“வாய் வரலம்மா.”

“அந்தப் பெரியவர் என்ன ஆனாரு?”

“தெரியல. மூணாம் நாள் நான் எழுந்து வந்துட்டேன்.” பையை மெல்ல அவள் பக்கம் தள்ளினார். “அன்னிலேருந்து மூணு தண்ணியில அலசுறோம். சோப்ப நான் வழிக்கிறதில்ல. எல்லாத்தையும் மாத்திட்டேன். உனக்கும் ஏதாவது செய்யணும். வீட்டு வாடகை நான் குடுத்துடறேன். பெரிய டாக்டர்கிட்ட கையக் காட்டலாம். உன் வாயால என்ன வேணாலும் கேளு.”

பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “எங்க கையெழுத்துப் போடணும்?”

“எதுலயும் போட வேணாம்ப்பா.”

“அதான் சந்தேகமா இருக்கு.”

இஸ்திரி அக்கா கணவரைக் கையமர்த்தினாள். “முதலாளி, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். தொழிலாளர் ஆபீஸ்ல வந்து நடந்தத நடந்தபடி சொல்லுங்க. வால்வு கெட்டிருந்துச்சு, இவ சொன்னா, நான் மாத்தல, ரேகைய நான்தான் ஒத்தினேன்னு.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “அது... அப்படிச் சொன்னா கேஸாயிடும்மா. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போயிடும். எதுக்கு அது? நான்தான் எல்லாம் செய்றேங்குறேனே.”

“நீங்க குடுத்தா நீங்க நல்லவரு. நீங்க சொன்னா நான் பொய்க்காரி இல்ல. எனக்கு ரெண்டாவதுதான் வேணும்.”

“வேற ஏதாவது...”

“ஆஸ்பத்திரியிலயும் வாய் வரல. இங்கயும் வாய் வரல. கைதான் நீளுது உங்களுக்கு. பழத்த எடுத்துட்டுப் போங்க.”

அவர் எழுந்து போனார். பழத்தை எடுத்துப் போகவில்லை. பூட்டுக்காரர் ஒன்றைக் கத்தியால் பிளந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள், “பழத்துமேல என்ன கோவம்?” என்று நாத்தனார் தின்ன ஆரம்பித்தாள்.

ஆனால் வாரம் முடிவதற்குள் அவளுக்கே கோபம் வந்துவிட்டது. ஆலையில் பால் நின்றுபோயிற்று. அடுத்து முட்டை. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலாளி அலுவலக அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க” என்று வந்ததும் வராததுமாகப் பொரிந்தாள். “உங்கண்ணி என்ன சொல்லித் தொலைச்சா, மனுஷன் நல்லாத்தானே இருந்தாரு, அவளால எங்க வாயில மண்ணு விழுந்துச்சுன்னு மடிக்கிற அக்கா மூஞ்சிக்கு நேரா கேக்குது. வாடகை தரேன்னாரு, டாக்டர் பாக்கறேன்னாரு. வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன அண்ணி?”

“நீயும் அதான் சொல்றியா?”

“நான் அந்த மெஷின்கிட்ட நிக்கிறேன் அண்ணி. உன் இடத்துல இப்ப என்னைத்தான் நிக்க வெச்சிருக்காங்க. அவரு நல்ல மூடுல இருந்தா எனக்கு நல்லது.”

இது இஸ்திரி அக்காவுக்குப் புதுச் செய்தி. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நாத்தனாரின் இரண்டு கைகளையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், பூட்டுக்காரர் கையுறையைப் பார்த்ததுபோல. அன்று பருப்பு அடிப்பிடித்தது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். படுக்கும்போது கணவரிடம் கேட்டாள்: “நான் செஞ்சது தப்பாங்க?”

“தெரியல” என்றார் அவர். “அந்த ஆளத் திறக்கற சாவி எங்கிட்ட இல்ல.”

பன்னிரண்டு நாள் கழித்து, நல்ல மழையில், காலை ஒன்பது மணிக்கு முதலாளி வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது.

“கிளம்பும்மா. பத்து மணிக்கு ஆபீஸ் திறந்துடும்.”

“எந்த ஆபீஸ்?”

“நீ சொன்ன ஆபீஸ்தான்.”

பூட்டுக்காரர் வீட்டு முன்பக்கத்துக் கடையைச் சாத்திவிட்டுத் தானும் சட்டையை மாட்டினார். நீ எதற்கு என்பதுபோல் முதலாளி பார்த்தார். “பஸ்ல ஏத்திட்டு நீங்க இறங்கிட்டா?” என்றார் பூட்டுக்காரர்.

தொழிலாளர் அலுவலகத்தில் குளிரும் பழைய காகித நெடியும் கலந்திருந்தன. அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தவர். முதலாளி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“இது முடிஞ்ச ஃபைல். அந்தம்மா ரேகை இருக்கு.”

“அந்த ரேகைய நான்தான் பிடிச்சு ஒத்தினேன். அவங்க மயக்கத்துல இருந்தாங்க.”

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எத்தன வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். தன் மேல குத்தம்னு ஒரு முதலாளி நடந்து வந்து சொல்லி நான் பாத்ததில்ல. உங்களுக்கு இதுல என்ன லாபம்?”

“லாபம் ஒண்ணுமில்ல.”

“அப்ப எதுக்கு வந்தீங்க? இன்சூரன்ஸ் வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறதா பேச்சா?” அவர் இஸ்திரி அக்காவின் பக்கம் திரும்பினார். “எவ்வளவு தரேன்னாரு?”

அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. பொய்க்காரி இல்லை என்று ஆவதற்கு வந்த இடத்தில் திருடியாகவும் ஆகிவிட்டாள். எழுந்துவிட்டாள். பூட்டுக்காரரும் எழுந்தார். முதலாளி மட்டும் எழவில்லை.

“எழுதுங்க சார்” என்றார்.

“வெளியில போங்க.”

“போக மாட்டேன். எழுதுங்க.”

இந்தக் குரலை அவள் அறிவாள். சோப்புத்தூள் வியாபாரியிடம் மூட்டைக்கு ஒரு காசு குறைக்க ஒரு பகல் முழுக்க அவர் நின்று பேசிய குரல் அது. வெட்கமில்லாத, களைப்பில்லாத குரல். அதிகாரி டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் முதலாளி அங்கேயே இருந்தார். அதிகாரி சேவகரைக் கூப்பிட்டு அவரைக் கிளப்பச் சொன்னார். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சொன்னதையே சொன்னார். எந்தக் கிழமை, எந்த மணி, எந்தக் கம்பி என்று சொன்னார். கடைசியில் உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுத் தாளை எடுத்தார். குழாய் மெக்கானிக் வால்வைப் பார்த்துவிட்டு, உடனே மாற்றவில்லையென்றால் ஆளைக் கொல்லும் என்று எழுதிக் கொடுத்த தாள். தேதி, விபத்துக்கு ஏழு மாதம் முந்தையது.

“நான் தாளத் தூக்கிப் போட மாட்டேன். பின்பக்கம் எழுத உதவும்” என்றார் முதலாளி.

அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். பேனாவைத் திறந்தார். எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாளையிலிருந்து ஆலையைச் சோதனை முடியும்வரை மூட வேண்டும், வழக்கும் வரும், தயாராக இருங்கள் என்றார். முதலாளி தலையாட்டினார்.

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தின் சிமெண்டுப் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது. பூட்டுக்காரர் பீடி வாங்க எதிர்க்கடைக்குப் போனார். முதலாளி அவளிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருப்பது தெரிந்தது. பொறுக்க முடியாமல் அவரே கேட்டார்.

“இன்னும் எம்மேல நம்பிக்கை வரலையாம்மா?”



“முதலாளி, பால் குடுத்தீங்க, நிறுத்தினீங்க. விளக்குப் போட்டீங்க, அணைச்சீங்க. இன்னிக்கு வந்து உண்மைய சொல்லிட்டீங்க. பெரிய காரியம்தான், இல்லேங்கல. நாளைக்கு உங்க மனசு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியாது. அதக் காவல் காத்துக்கிட்டு பதினாலு பேர் உக்காந்திருக்க முடியுமா? என் நாத்தனார் அந்த மெஷின்கிட்ட நிக்கிறா.”

“நான் இனிமே பழையபடி ஆக மாட்டேன்.”

“ஆனாலும் ஆயிட்டுப் போங்க. நீங்க திரும்பப் பழைய ஆளா மாறினாலும் அவ கை வேகக் கூடாது. துணி மூணு தண்ணியில அலசணும். அதுக்கு என்ன வழின்னு யோசிங்க.”

இப்படி ஒரு கணக்கு அவருக்கு இதுவரை யாரும் போட்டுக் காட்டியதில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார்.

“அப்படி ஒரு வழி இருக்கா?” என்று கேட்டார் முதலாளி. முதல்முறையாக அவருடைய குரலில் கொடுக்கிறவரின் தோரணை இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அவள் முந்தானையால் பலகையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தாள். தனக்கு மட்டும் அல்ல, இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத் துடைத்தாள்.

“உக்காருங்க, சொல்றேன்.”

பஸ் கிளம்பிப் போனது. எதிர்ப்பக்கம் பீடியைப் பற்றவைத்த பூட்டுக்காரர், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த பஸ்ஸையும் அவர்கள் விட்டுவிட்டார்கள்.